மழைக்கோட்டுகளுக்குப் பின்னால் நின்றவர்

சாதிக்குக்கு அத்தாவின் ஸலாம்.

இந்தத் தாள்களை உன் பெட்டியில் வாந்தி மாத்திரைப் பொட்டலத்துக்கு அடியில் வைக்கிறேன். கப்பல் நம் தீவின் ஹாடோ துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் போய் ஆடத் தொடங்கியதும் நீ தேடப்போகும் முதல் பொருள் அதுதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தபடியே படி. கண்ணில் படும்படி மேலே வைத்திருந்தால் கப்பல் ஏறுமுன்பே படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவாய். நேரில் சண்டை என்று வந்தால் நான் பாதியில் சிரித்துவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். இரண்டிலும் சொல்ல வந்தது போய்விடும். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருக்கும். உனக்கும் இந்தி ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. பரவாயில்லை. சென்னை போய்ச் சேர மூன்று நாள் இருக்கிறது, நடுக்கடலில் போனும் எடுக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

விஷயம் உன் கேமராப் பையில் இருக்கும் அந்த மெமரி கார்டைப் பற்றியது. இவ்வளவு நாளாக வண்டூரில் படகேறும் டூரிஸ்டுகளையும், நம் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் தெருக் கல்யாணங்களையும் படமெடுத்துக்கொண்டிருந்தாய். போன வாரம் நம் தீவுக்கு ஓய்வெடுக்க வந்த ஒரு நடிகையை, வண்டூர் படகு ஜெட்டியில் அவருக்கே தெரியாமல் நீள லென்ஸ் போட்டு எடுத்தாய். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பக்கத்துப் பெர்த்தில் படுத்திருக்கிறவர் எட்டிப் பார்ப்பவராக இருக்கலாம். நட்சத்திரங்களை விமான நிலைய வாசலிலும் ஓட்டல் வாசலிலும் காத்து நின்று படமெடுத்து விற்கிற சென்னைக்காரர் ஒருவருக்கு நீ போன் செய்தாய். "படத்தோட வந்துரு தங்கம், வேலை விஷயம் பேசிக்கலாம்" என்றார். இங்கிருந்தே போனில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் படத்தை வாங்கிக்கொண்டு உன்னைக் கழற்றிவிட்டுவிடுவார் என்று சந்தேகப்பட்டு, கையில் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிவிட்டாய். அந்தச் சந்தேகம் மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. முகத்தையே பார்க்காத ஒருவர் உன்னைத் தங்கம் என்றால், நீ தங்கமில்லை, உன்னிடம் இருப்பதுதான் தங்கம் என்று அர்த்தம். நீ என் மகன் என்பதற்கு அந்தச் சந்தேகத்தைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

எதையும் எடுத்த எடுப்பில் நம்பாதவன் என்று என்னை நீ கேலி செய்வாய். ஓசியில் கொடுத்த டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன் என்று உன் சேக்காளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாய். இந்தப் புத்தியைக் கொடுத்ததே சினிமாப் பத்திரிகைகள்தான். ராமநாதபுரத்திலிருந்து இங்கே என் மாமா கடைக்கு வேலைக்கு வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் கப்பலில்தான் வரும். பத்திரிகை வாராவாரம் அச்சாகும், கப்பல் வாராவாரம் வருமா? பல வாரத்து இதழ்கள் ஒரே கட்டாகக் கயிறு போட்டு வந்து இறங்கும். மெயின்லேண்டில் இருக்கிறவன் இந்த வாரம் ஒரு நடிகைக்கு ரகசியக் கல்யாணம் என்று படித்து, ஏழு நாள் தவித்து, அடுத்த வாரம் அப்படி ஒன்றும் இல்லை என்ற மறுப்பைப் படிப்பான். எங்களுக்கு வதந்தியும் மறுப்பும் ஒரே கயிற்றில் வரும். அதனால் இங்கிருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கட்டைப் பிரித்ததும் கடைசி இதழைத்தான் முதலில் படிப்போம். முதலில் மறுப்பு, அப்புறம் வதந்தி. அப்படித் தலைகீழாகப் படித்துப் பார், படமே வேறு மாதிரித் தெரியும். ஜோடியாகச் சிக்கினார்கள் என்று போட்டிருந்த ஒரு படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட முழங்கை ஒன்று எனக்குத் தென்பட்டது. மூன்றாவதாக ஒருவர் அங்கே நின்றிருக்கிறார், கத்தரி போட்டு அவரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அன்றையிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முகம் இரண்டாவதுதான், முதலில் ஓரம்.

சந்தேகப்பட்டேனே தவிர, வாங்குவதை நிறுத்தவில்லை. கடைக்கு மேலே பரணில் அந்துருண்டை போட்டுப் பாதுகாக்கும் கட்டுகள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். மாற்றலாகி ஊருக்குப் போகிற அரசாங்க ஊழியர்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு. சிப்பிகாட்டில் ஒரு வீட்டில் கோழிக்கூண்டுக்கு மேல் மூடியிருந்ததை, கோழிக்குப் புது தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு எடுத்து வந்திருக்கிறேன். பள்ளிவாசல் பெரியவர்கள் கண்ணில் படாமல் அரிசி மூட்டைக்குள் வைத்துப் பரணேற்றியதும் உண்டு. "மறுமையில இந்தக் கட்டு பூராவும் ஒங்க தலையிலதான் ஏத்துவாங்க" என்பாள் உன் அம்மா. "பாதிய நீ பிடிச்சுக்கயேன், புருசன் பொண்டாட்டின்னு எதுக்கு இருக்கோம்" என்பேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. அதைக் கவனத்தில் வைத்துக்கொள், அடுத்து நடந்ததற்கு அது வேண்டும்.

நீ ஜெட்டியில் படமெடுத்த அதே நாள், மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தார். மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தொப்பி. நேராகப் போய், விற்பனைக்கு நான் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேனே மழைக்கோட்டுகள், அதற்குப் பின்னால் நின்றுகொண்டு இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தார். நான் என்ன நினைத்திருப்பேன் என்று நீயே சொல்லிவிடுவாய். பிளாஸ்டிக் பை சோதனைக்கு வந்த அதிகாரி, வெளியே நிற்கும் தன் ஆட்களுக்குச் சைகை கொடுக்கப் பார்க்கிறார். நாற்காலிக்கு அடியில் இருந்த தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைக் கட்டை எடுத்து மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு குடையை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். திரும்பப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு டார்ச் லைட் கொண்டுவந்தார். திரும்பவும் எட்டிப் பார்த்தார். அப்புறம் பிள்ளைகள் மணலில் விளையாடுகிற சின்ன வாளி. சாட்சிப் பொருள் சேர்க்கிறார் என்றே முடிவுகட்டி, தெருவுக்குக் கேட்கட்டும் என்று இந்தியில் சத்தமாகச் சொன்னேன்: "மேடம், ஹமாரே பாஸ் சப் கப்டே கா தைலா ஹை." எல்லாம் துணிப்பைதான் என்று. அவர் மெதுவாகத் தமிழில், "எனக்குப் பை வேணாங்க. இன்னும் கொஞ்ச நேரம் இங்க நின்னுக்கலாமா?" என்றார். தமிழ் தெரிந்த அதிகாரி என்றதும் மடியில் கிடந்த துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் உன் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கேரியரை வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரும்மா, தண்ணி குடி" என்றாள். பிறகு என் காதருகே குனிந்து, "யாருன்னு தெரியலையா ஒங்களுக்கு? அம்புட்டு பொஸ்தகத்தையும் சேத்து வச்சு என்ன பிரயோசனம்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் முகத்தைப் பரணில் அடுக்கி வைத்திருப்பவன், நேரில் வந்த ஒரே ஒரு நட்சத்திரத்தைக் முனிசிபாலிட்டி அதிகாரி என்று நினைத்திருக்கிறேன். மரியாதை கொடுக்கலாம் என்று எழுந்தேன். மடியில் இருந்த கட்டு அவிழ்ந்து பிளாஸ்டிக் பைகள் தரையெல்லாம் பரவின. மாஸ்க்குக்குள் அவர் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் அவர் கேட்டிருக்க வேண்டும். "வெளியில ஒருத்தர் பெரிய கேமராவோட நிக்கிறாரு. வண்டூர்லேர்ந்து பின்னாலயே வந்துட்டிருக்காரு. போயிட்டாரான்னு பாத்துச் சொல்றீங்களா?" ஒரு பெண்பிள்ளையைத் துரத்துகிறவன் எவன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே போனேன். எதிர்ச் சாரியில் இளநீர் வண்டிக்குப் பின்னால், பெருநாளைக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையில் நீ நின்றுகொண்டிருந்தாய். கண்ணை கேமராவிலிருந்து எடுக்காமலே, ஒதுங்குங்கள் அத்தா, மறைக்கிறீர்கள் என்று கையை ஆட்டினாய். உன் படம் எதிலாவது ஓரத்தில் ஒரு முழங்கை இருந்தால் அது என்னுடையதுதான்.

உள்ளே வந்து, "நிக்கிறான்" என்றேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான் என்று வழவழவென்று ஏதோ சொன்னேன். உன் அம்மாவுக்கு அப்படிப் பேச வராது. "நாங்க பெத்த புள்ளம்மா" என்றாள்.

அந்தப் பெண் மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஷட்டரைப் பார்த்தார். பின்பக்கம் வழி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை, பின்னால் சுவர்தான். அப்புறம் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். நான் அதை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டே காலம் தள்ளியவன் நான். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. குடும்பமாகச் சேர்ந்து வலை விரித்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். கடைசியில் அவரே கேட்டார்: "அப்போ சாப்பிட இங்கதானே வருவாரு?"

"வருவான். அதுக்குள்ள ஒன்ன அனுப்பிடுறேன்" என்ற உன் அம்மா தன் புர்காவைக் கழற்றினாள். அந்தப் பெண்ணுக்குப் போட்டு, முகத்திரையைச் சரிசெய்து, காலி டிபன் பை ஒன்றையும் கையில் கொடுத்தாள். உயரம் கொஞ்சம் கூடுதல், கணுக்கால் தெரிந்தது. தலையைக் குனிந்து, வேகமில்லாமல் நட, எனக்கு முட்டிவலி உண்டு என்று சொல்லிக் கொடுத்தாள். உன் அம்மா ஒரு நடிகைக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த கதையை நான் வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். அவர் முன்வாசல் வழியாகவே போனார். உன்னை ஒட்டித்தான் போனார். நீ கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டாய். அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டு மெதுவாக நடந்து, திருப்பத்தில் ஆட்டோ ஏறினார். காலையிலிருந்து யாரைத் தேடி நின்றாயோ அவர் உன் கைக்கெட்டும் தூரத்தில் போனார், நீ பார்க்கவில்லை. பெற்றவளை எவன் உற்றுப் பார்க்கிறான்?

பிறகு நீ சாப்பிட வந்தாய். புர்கா இல்லாமல் உன் அம்மா கடையில் இருந்தால் உனக்கு விளங்கிவிடும் என்பதால், அவள் போய் அதே மழைக்கோட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நீ அந்த முக்காலியில்தான் உட்கார்ந்தாய். உள்ளே போனவர் எங்கே, என்ன வாங்கினார், யாரோடு போனில் பேசினார் என்று துருவினாய். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றேன். "அத்தா, சச் போலோ" என்றாய். உண்மையைச் சொல்லச் சொன்னாய். கடையில் கூட்டமே இல்லை என்று உனக்குத் தெரியும். நீ சந்தேகப்பட்டது சரிதான். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "இது போனாப் போவுது. காலைல ஜெட்டில கெடச்சதே போதும். கூட வந்த ஆளு தோள்ல சாஞ்சு அழுதுட்டிருந்துச்சுத்தா. கெளம்புறதுக்குள்ள இன்னொரு தடவ அழுதுச்சுன்னா என் லைஃப் செட்டில்." நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மீன்காரன் இன்னொரு வலை விழுந்தால் தேவலை என்பதுபோலச் சொன்னாய். ஆனால் மழைக்கோட்டு லேசாக அசைந்தது. நான் பார்த்தேன்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு கேமராத் திரையில் அந்தப் படத்தைக் காட்டினாய். படகிலிருந்து இறங்கியதும் அவர் கண்ணை மூடி ஒரு ஆளின் தோளில் சாய்ந்திருக்கிறார், கன்னம் நனைந்திருக்கிறது. சென்னைக்காரர் இதற்கு ரகசியக் காதல், சோகம், பிரிவு என்று என்னென்னவோ தலைப்புப் போடுவார். எனக்கு வேறொன்று தோன்றியது. சாதிக், நம் ஊரில் படகிலிருந்து இறங்குகிற யாரைத்தான் பார், காதலில் தோற்றவர் மாதிரித்தான் இருப்பார்கள். நீயும் நானும் தினம் பார்க்கிற முகம் அது.

உன் அம்மாவை நான் கல்யாணம் முடித்து முதன்முதலில் கூட்டி வந்தபோது, மாமா துறைமுகத்துக்கு ஒரு போட்டோக்காரரை அழைத்து வந்திருந்தார். புதுப்பொண்ணு வந்து இறங்குவதை ஊருக்குப் படம் அனுப்பலாம் என்று. மூன்று நாள் வாந்தி எடுத்து வந்தவள், இறங்கியதும் ஒரு சாக்கு அடுக்கின் மேல் சாய்ந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் மாமாவோடு எதற்கோ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே எடுத்து அடுத்த கப்பலில் அனுப்பிவிட்டார்கள். படம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த கப்பலில் உன் பெரிய மாமு வந்து இறங்கினார். தங்கச்சியைக் கொடுமைப்படுத்திவிட்டுச் சிரிக்கிறவனை என்னவென்று கேட்க வந்திருக்கிறார். வந்தபோது உன் அம்மா சூரை மீன் வறுவலும் சோறுமாக உட்கார்ந்திருந்தாள். "மெரட்டி வச்சிருக்கானா? தைரியமாச் சொல்லு" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் இல்லையென்று சொன்னதையும் நம்பவில்லை. திரும்பிப் போகக் கப்பல் வரும்வரை என் சோற்றைத் தின்றுகொண்டே என்னை வேவு பார்த்தார். இத்தனைக்கும் அந்தப் படம் பொய் சொல்லவில்லை. அவள் அழுததும் உண்மை, நான் சிரித்ததும் உண்மை. நடுவில் இருந்த கடல்தான் படத்தில் இல்லை.

இதைச் சொல்லி, அந்த நடிகைக்கும் வெறும் கடல் கிறுகிறுப்புத்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நான் யாருக்கும் நற்சான்று கொடுக்கிறவன் இல்லை. கூட இருந்தவர் அண்ணனாக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம், நீ நினைக்கிற மாதிரிக் காதலனாகவே இருக்கலாம். தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். என் வாய் சும்மா இருந்திருக்கும் என்றா நினைக்கிறாய்? "கூட வந்தவங்க எங்கம்மா?" என்று புர்கா மாட்டும்போது நைசாகக் கேட்டுப் பார்த்தேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். இவ்வளவு வயதான பிறகும் எனக்கே அடங்காத ஆசை உனக்கு அடங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். காதலன்தான் என்று நாளைக்கே உறுதியானாலும், அது நம் கடையில் சரக்காக வேண்டியது எப்படி?

நடிகையென்றால் நாலு பேர் பார்க்கத்தானே, பார்த்துத்தானே அவர்களுக்குப் பிழைப்பு என்பாய். சரி. மேடையில் நிற்கும்போது எடு, விழாவுக்கு வரும்போது எடு, சிரித்துக்கொண்டு உன் பக்கம் திரும்பும்போது நூறு எடு. உன் சென்னைக்காரர் சொன்னாராமே, நட்சத்திரங்களே ஆள் வைத்துச் சொல்லி அனுப்பி, தெரியாமல் எடுத்தது மாதிரி எடுக்கச் சொல்வார்கள் என்று. அதுவும் நடக்கக்கூடியதுதான். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இதுவும் அந்த மாதிரி நாடகமோ என்று முதலில் நானே சந்தேகப்பட்டேன். விளம்பரம் தேடுகிற யாரும் என் கடையில் வேண்டாத வாளியை வாங்கிக்கொண்டு மழைக்கோட்டு நாற்றத்தில் நிற்க மாட்டார்கள். பாராட்டாங் தீவுக்குப் போகிற காட்டு வழியில் காட்டு மக்களைப் படமெடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. போன வருடம் நீ கூட்டிப்போன டூரிஸ்ட் ஒருவர் ஜன்னலில் போனைத் தூக்கியபோது, அதைப் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய் என்று டிரைவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். "அவங்க என்ன பொம்மையா?" என்று அவரைக் கேட்டாயாம். அங்கே சட்டம் இருந்தது, அதனால் கேட்டாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கே தோன்றித்தான் கேட்டிருப்பாய்.

அவர் போன மறுநாள் நான் பரணில் ஏறினேன். அதே நாள்தான் ஓட்டல் டிரைவர் ஒருவர் புர்காவை இஸ்திரி போட்டுத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உன் அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு நல்ல சென்ட் என்றாள். நான் கட்டுகளைப் பிரித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படங்களை ஒரு பக்கமும், பார்க்காத படங்களை ஒரு பக்கமும் வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். சீக்கிரமே ஒன்று விளங்கியது. நான் கண்ணாடித்தாள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்ததெல்லாம் அந்த இரண்டாவது பக்கம்தான். ஒரு நடிகை இறந்துபோன தன் தாயின் மையித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுக்காதே என்று உள்ளங்கையைக் காட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. அச்சு துல்லியமாக இருக்கும். கை ரேகைகூடத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டி, என்னமாய் எடுத்திருக்கிறான் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கை என்ன சொல்கிறது என்று நான் படிக்கவே இல்லை. எடுத்தவனை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. கப்பலுக்குக் காத்திருந்து வாங்கியவன் நான். நான் வாங்கினேன் என்பதால்தான் எவனோ ஒருவன் மையித்து வீட்டுக்குள் கேமராவோடு போனான். அவற்றை எரிக்கலாமா, வைத்திருக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எரித்தால் நல்லவனாகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு வந்துவிடுமோ என்றும் ஒரு சந்தேகம்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள், நீ குளிக்கப் போயிருந்தபோது உன் கேமராப் பை கூடத்தில் இருந்தது. "அந்தக் கார்ட எடுத்துக் கடல்ல போட்டுட்டு வாங்க" என்றாள் உன் அம்மா. எடுக்கவும் செய்தேன். நகம் அளவுதான் இருக்கிறது, அதற்குள் ஒரு மனுஷியின் நிம்மதி இருக்கிறது. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன். நல்ல எண்ணத்தில் இல்லை. நான் அதை எடுத்திருந்தால் நீ ஆயுசுக்கும் என்னைத்தான் திட்டுவாய், அந்தப் படத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்க மாட்டாய். உன் அம்மா என்னோடு கோபித்துக்கொண்டு அன்று எனக்குச் சோறு மட்டும் போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. சென்னையில் இறங்கியதும் போன் செய். கொடுத்துவிட்டேன் என்றாலும் சொல், கொடுக்கவில்லை என்றாலும் சொல். கொடுத்தால் நீ என் மகனில்லை என்றெல்லாம் வசனம் பேச மாட்டேன். பழக்கதோஷத்தில் நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்து யோசித்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு அந்தப் பெண் புர்கா போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர், நின்று திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் இங்க பயந்து நின்னேன்னு உங்க பையன்கிட்ட சொல்லிராதீங்க. அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அவருக்குக் கூச்சமாயிரும்" என்றார். நடிகைதானே, இதுவும் நடிப்போ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அங்கே கேமரா கிடையாது. முகமும் முழுக்க மூடியிருந்தது. யாருக்காக நடிக்க வேண்டும்? உன்னிடமிருந்து ஒளிந்து நின்றவர், எங்களிடமிருந்து உன்னைக் காப்பாற்றிவிட்டுப் போனார்.

உன் அம்மா அதற்குத் தலையாட்டினாள், நானும் ஆட்டினேன். இதோ, சொல்லிவிட்டேன். அவரைக் கேட்காமல் நீ எடுத்தாய், அவர் கேட்டுக்கொண்டதை மீறி நான் எழுதினேன். என்னுடையதை இனித் திரும்ப வாங்க முடியாது, நீ படித்துவிட்டாய். உன்னுடையது இன்னும் உன் பையில்தான் இருக்கிறது.

அத்தா